செம்புத் தகட்டுச் சந்தனம்

அன்பான அப்பாவுக்கு, கோயம்புத்தூர் மில்லுல இருந்து முத்துச்செல்வி எழுதுறேன். சொகமா இருக்கீகளா? அம்மாவுக்கு மூட்டுவலி குறைஞ்சுச்சா?

நேத்து நூல் மெஷினைத் தொட்டதும் கையில சுருக்குன்னு பொறி அடிச்சுச்சு. பயப்படாதீக, ஒண்ணும் ஆகல. உடனே உங்க பட்டாசுக் கம்பெனி ஞாபகந்தான். மருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன வாசல் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கணும்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிற போர்மேன் நீங்க. நீங்க தொடுறீகளான்னு போன்ல கேட்டா, "தொடாம போவனா தாயி?"ங்கிறீக.

எனக்கு நம்பிக்கை இல்ல. ஆயுத பூசை முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, தீபாவளி லோடு ஏத்துறப்ப எடுத்த போட்டோவுல அந்த வாசல்லதான் நிக்கீக. பூசைக்குத் தகட்டுல அப்பின சந்தனம் காஞ்சு அப்படியே இருக்கு. ஒரு விரல் தடங்கூட இல்ல.

ஹாஸ்டல் சோறு இறங்கல, சாத்தூர் சேவு குடுத்துவிடுங்க. கூடவே அந்த வாசலை இன்னொரு போட்டோ. ஷிப்டுக்குச் சங்கு ஊதிருச்சு, முடிக்கிறேன்.

சந்தனத்தைத் துணியால துடைச்சுட்டு போட்டோ எடுக்காதீகப்பா. கை பட்டு அழிஞ்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.