கார் சொன்ன சுகம்

சரவணை கிழக்கு,
வேலணை.
கார்த்திகை 2, செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகன் நிமலனுக்கு அம்மா எழுதுவது,

நயினை அம்மாளின் காவலில் நான் இங்கே எழும்பி நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீயும் துஷாந்தியும் குஞ்சன் ஆரூரனும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் ஒன்றும் வராமல் இருக்க வேண்டுமென்று விடிய விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் அம்மாவுக்கு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். பக்கத்து வளவுப் பிரியவதனியின் தங்கச்சி தர்சினி ஒஸ்லோவில் இருந்து வந்து நின்றவள் வெள்ளிக்கிழமை திரும்புகிறாள், உன் கையில் நேரே தருவதாகச் சொன்னாள். அவளிடம் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் குடுத்து விட்டிருக்கிறேன், தூளைப் போத்தலில் போட்டு இறுக்கி மூடி வை. போனில் சொல்லப் போனால் நீ இடையிலே ஓம் அம்மா ஓம் அம்மா என்று சொல்லிக்கொண்டிருப்பாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். அது நீ போன் எடுத்தால் வருகிற கதை. நீ என்னோடு கதைத்து இன்றைக்கு ஐம்பத்திரண்டு நாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் பிறகு.

இங்கே மழை பிந்தித்தான் தொடங்கியது, தொடங்கினது நிற்கிறதாக இல்லை. கிணறு அரைவாசிக்கு மேலே வந்துவிட்டது. குசினிப் பக்கம் ஓடு இரண்டு விலகி ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன். கிணற்றடி முருங்கை போன கிழமைக் காற்றில் முறிந்து வேலிக்கு மேலே விழுந்தது, அதை வெட்ட ஆள் பிடிக்க நாலு நாள் போனது. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு யாரிடம் சொல்லுகிறது, அப்பா இருந்தால் அந்த முருங்கையைப் பற்றியே இரண்டு நாள் கதைத்திருப்பார். மனிசன் போய் மூன்று வருஷமாகியும் சாப்பாட்டு மேசையில் அவரின் கதிரையில் நான் சாமான் ஒன்றும் வைக்கிறதில்லை.

இனிக் காரைப் பற்றிச் சொல்லுகிறேன், ஏனென்றால் மிச்சமெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நீ ஆவணியில் எடுத்துத் தந்த கார் நல்ல கார், குறை சொன்னால் என் வாய் அழுகும். பெற்றோல் இல்லை, புகை இல்லை, வீட்டுக் கறண்டில் செருகிவிட்டால் போதும். பின்னுக்கு எடுக்கும்போது படலையடியில் படுத்திருக்கிற ஆட்டைக்கூடக் காட்டுகிறது. ஆனால் அப்பாவின் பழைய காரில் முன்னுக்கு மூன்று வட்டக் குமிழ் இருந்தது உனக்கு நினைவிருக்கும், ஒன்று காற்றுக்கு, ஒன்று குளிருக்கு, மற்றது கண்ணாடிக்கு. அப்பாவுக்குச் சீனி வருத்தத்தில் கால் எடுத்த பிறகு ஐம்பத்தாறு வயதில் நான் ஸ்ரியரிங் பிடிக்கப் பழகினவள், அந்த மூன்று குமிழும் என் கைக்குக் குசினியில் உப்புப் போத்தல் மாதிரி, பாராமலே கை போகும். இதில் ஒரு குமிழும் இல்லை, ஒரு சுவிச்சும் இல்லை. நடுவிலே பெரிய கண்ணாடித் தட்டு ஒன்றை ரிவி மாதிரி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், காற்று வருகிற ஓட்டையைத் திருப்பக்கூட அதற்குள்ளே போய்த் தேடி விரல் வைக்க வேணும். என் காய்ந்த விரல் அதற்குப் பிடிக்கவில்லை, மூன்று தரம் தொட்டால் ஒரு தரம் கேட்கும். வாசிக்கிற கண்ணாடியைப் போட்டால் அந்தத் தட்டுத் தெரியும், றோட்டுத் தெரியாது. கழற்றினால் றோட்டுத் தெரியும், தட்டுத் தெரியாது. இப்படி ஒரு காரைச் செய்தவனின் தாய் கார் ஓடாதவள் போலிருக்கிறது. எஞ்சின் சத்தமும் இல்லை. பழையது இரைந்துகொண்டு என்றாலும் கூட வரும்.

உனக்கு மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கார் வந்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்தேன் என்று சொன்னேன், அங்கே நடந்ததைச் சொல்லவில்லை. நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தாயிற்று. விநாயகமூர்த்திக் குருக்கள் உள்ளுக்கும் பொட்டு வைக்க வேண்டுமென்று கதவைத் திறந்து பார்த்தார், வைக்க ஒரு இடமும் பிடிபடவில்லை. கடைசியில் அந்தத் தட்டின் நடுவிலே மூன்று விரலால் திருநீற்றை இழுத்து, அதற்கு மேலே குழைத்த சந்தனத்தை நல்ல வடிவாக அமத்திவிட்டார். அவ்வளவுதான், அது பக்கம் பக்கமாகப் புரண்டு ஓடத் தொடங்கியது. குருக்கள் கையை இழுத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஓடி நிற்கும்போது தட்டு முழுவதும் சீன எழுத்து. சுவாமி சந்தனத்தை அவருக்கு முன்னால் துடைக்கிறது எப்படி என்று வீட்டுக்கு வந்துதான் ஈரச் சீலையால் துடைத்தேன், துடைத்ததில் உள்ளே இருந்து ஒரு சீனத்துப் பிள்ளை வாய் திறந்து கதைக்கத் தொடங்கினாள். ஐந்து கிழமை அவளோடுதான் ஓடித் திரிந்தேன். வெளிக்கிடும்போது ஒன்று சொல்லுவாள், நிற்பாட்டும்போது ஒன்று சொல்லுவாள், நானும் ஓம் பிள்ளை சரி பிள்ளை என்று சொல்லிவிட்டு இறங்குவேன். சிரிக்காதே, சில நாளில் நான் கேட்கிற குரல் அவளுடையது மட்டும்தான். உன்னிடம் சொன்னால் அம்மாவுக்கு இனிக் கார் ஏலாது என்று விற்றுப்போடுவாயோ என்று பயம், அதனால் சொல்லவில்லை.

பிறகு புரட்டாதிக் கடைசியில் யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போய்த் திரும்பும்போது பண்ணைப் பாலம் தாண்டிக் கடலுக்கு நடுவில் வரச் சடாரென்று மழை பிடித்தது. உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. பழைய காரென்றால் மூன்றாவது குமிழை ஒரு திருகு. இங்கே எல்லாம் சீனம், எதைத் தொட்டாலும் வேறு எதுவோ திறக்கிறது, பாட்டுப் பாடுகிறது, சீற் சூடாகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், பின்னாலே ஊர்காவற்றுறை பஸ் ஹோர்ன் அடிக்கிறது. காரை நிற்பாட்டிக் கண்ணாடியை இறக்கி, சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து நனைந்துகொண்டு ஊர்ந்து வீடு வந்தேன். அடுத்த நாள் வேலணைச் சந்தியில் கார் வயர் வேலை செய்கிற டிலோன் வந்து இங்கிலிசுக்கு மாற்றித் தந்து, கண்ணாடிக்கு எங்கே தொடுகிறது என்று காட்டி, அந்த இடத்துக்கு நேரே விளிம்பில் ஒரு சிவப்புத் துண்டு ஒட்டிவிட்டுப் போனான். இப்போது அது பரவாயில்லை.

கண்ணாடியை விட எனக்குக் கஷ்டமாயிருந்தது அன்றிரவு நீ போன் எடுத்து என்ன என்று கேட்காததுதான். கார் வந்த புதிதில் உன் போனிலே என் கார் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு ஓடினது, கதவு பூட்டியிருக்கிறதா எல்லாம் தெரியும் என்று சொன்னாய், எனக்கு அப்போது எவ்வளவு சந்தோசம், மகன் பக்கத்துச் சீற்றில் இருந்து வருகிற மாதிரி என்று பிரியவதனிக்குச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அப்பா போனதிலிருந்து நீ ஞாயிறும் புதனும் தவறாமல் எனக்குப் போன் எடுக்கிறவன். கார் வந்த பிறகு புதன் நின்றது. பிறகு ஞாயிறும் ஒன்று விட்டு ஒன்று. புரட்டாதி நடுவிலே நானே எடுத்தபோது, நேற்று வேலணைச் சந்தைக்கும் தபால் கந்தோருக்கும் போயிட்டு வந்தனீங்கள்தானே, எல்லாம் பாத்தனான், நீங்கள் சுகமா இருக்கிறியள் எண்டு தெரியும் அம்மா என்று சொல்லிவிட்டு மீற்றிங் என்று வைத்தாய். அதுதான் கடைசி. பண்ணையில் நான் நின்றதும் உன் போனில் தெரிந்திருக்கும், பதினெட்டு நிமிஷம் நின்றது என்று. கடல் பார்க்கிறேன் என்று நினைத்தாயோ தெரியாது. நான் முப்பத்தொரு வருஷம் இந்தத் தீவெல்லாம் சைக்கிளில் ஓடிப் பிள்ளைப்பேறு பார்த்த மிட்வைவ். பிள்ளைத்தாச்சியின் கார்ட்டில் பிரசர் சரி, நிறை சரி, எல்லாம் சரி என்று எழுதியிருக்கும், அதை நம்பி ஒரு வீட்டையும் நான் விட்டதில்லை. வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டியோ பிள்ளை என்று கேட்டால்தான் மற்றக் கதை வெளியே வரும்.

அதனால் நான் ஒரு சின்னப்பிள்ளை வேலை செய்தேன். ஐப்பசியில் கந்தசட்டி தொடங்கின அன்று காரைக் கராஜில் விட்டுப் பூட்டிவிட்டு இனித் தொடுகிறதில்லை என்று இருந்துவிட்டேன். கார் அசையாவிட்டால் அம்மாவுக்கு என்ன என்று நீ எடுப்பாய்தானே. முதல் நாள் எடுக்க மாட்டாய் என்று தெரியும். இரண்டாம் நாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் நிச்சயம் என்று நினைத்துப் போனைச் சேலைக்குள் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போனேன், குருக்கள் தீபம் காட்டும்போதும் என் கவனம் இடுப்பில். ஆறு நாளும் விரதத்தோடு நடந்து போய் நடந்து வந்தேன். ஏழாம் நாள் விடிய, விரதம் முடிக்கிற பாறணைக்கு முழுகலாம் என்று கிணற்றடிக்குப் போனவள் தலை சுற்றி விழுந்துவிட்டேன். பயப்படாதே, எலும்பு ஒன்றும் முறியவில்லை, நாரி மட்டும் பிடித்துக் குனிய நிமிர ஏலாமல் போனது. பிரியவதனி வாளி உருண்ட சத்தம் கேட்டு வேலியால் ஓடி வந்து தூக்கினாள், இரண்டு நாள் அவள்தான் கஞ்சி வைத்துத் தந்தாள். உனக்குப் போன் அடிக்கட்டோ என்று கேட்டாள், வேண்டாம், அவன் இண்டைக்கு எடுப்பான் எண்டு சொன்னேன். அந்த நம்பிக்கையில்தான் படுத்திருந்தேன். எட்டாம் நாள் பின்னேரம் போன் ஒரு தரம் கிண் என்றது. எடுத்துப் பார்த்தேன். அம்மா, கார் முப்பத்தெட்டு வீதத்தில நிக்குது, சார்ஜில போட்டு விடுங்கோ என்று இருந்தது.

எனக்குக் கொதி வந்தது, பிறகு அழுகை வந்தது. நாரியைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போய்ச் செருகியும் விட்டேன், நீ சொன்னால் செய்யாமல் இருக்க எனக்குத் தெரியாதே. அது நூறு வரும் வரைக்கும் கராஜ் வாசலில் கதிரை போட்டு இருந்தேன், உள்ளே போனாலும் செய்ய என்ன இருக்கிறது. உன்னை நான் பிழை சொல்லவில்லை. வேலையும் பிள்ளையும் வீட்டுக் கடனும் என்று நீ ஓடுகிற ஓட்டம் எனக்குத் தெரியும், அக்கறை இல்லாதவன் எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அங்காலிருந்து தாயின் காருக்குச் சார்ஜ் பார்ப்பானா. ஆனால் எனக்குத் தனிமையாய் இருக்கிறது மகன். இதை எழுத வெட்கமாய் இருக்கிறது, எழுதியும் போட்டேன்.

நேற்று மத்தியானம் டிலோனைக் கூப்பிட்டுக் காரிலிருந்து உனக்குப் போகிற அந்த இணைப்பை நிற்பாட்டச் சொன்னேன். நிமலன் அண்ணைக்குத் தெரியாமலோ என்று அவன் இழுத்தான். கார் என்ரை பேரிலை எண்டு சொன்னேன், நிற்பாட்டித் தந்தான். இனி உன் போனில் நான் எங்கே நிற்கிறேன், ஓடினேனா, கதவு பூட்டினேனா ஒன்றும் தெரியாது. அறிய வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்க வேணும். இப்போது பின்னேரம் நாலரை, ஒரு நாள் தாண்டிவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பேனையை எறிந்துவிட்டு எடுத்தேன். காரை விற்ற கொழும்புக் கொம்பனியில் இருந்து ஒரு சிங்களப் பிள்ளை, கொச்சைத் தமிழில், மிஸ், உங்கள் கார் நேற்றிலிருந்து எங்கள் கொம்பியூட்டரில் தெரியவில்லை, நீங்கள் சுகமா, ஏதும் பிரச்சினையா என்று கேட்டாள். கார் சுகம் என்று சொன்னேன். நீங்கள் என்று திரும்பவும் கேட்டாள். இருபது நிமிஷம் கதைத்தோம். முருங்கை முறிந்ததையும் சொன்னேன்.

துஷாந்திக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம், கோபதாபம் இல்லாமல் ஒற்றுமையாய் நூறாண்டு இருங்கள். ஆரூரனின் உச்சியில் எனக்காக ஒரு கொஞ்சல். விளக்கீட்டுக்கு வாசலில் ஒரு விளக்காவது ஏற்றச் சொல். மறக்க வேண்டாம், என் போன் நம்பர் பழையதுதான், மாற்றவில்லை.

உன்னைப் பெற்றவள்,
மா. மீனலோசனி