இன்னும் ஆழமாக வேண்டாம்

பஹ்மன் 2

பஹ்மன் மாதம் பிறந்ததும் பிறக்காததுமாக, கிணற்றை மறுபடியும் ஆழப்படுத்தப் போகிறார்களாம். பங்குதாரர்களில் என்னைத் தவிர எல்லோருக்கும் சம்மதம். முன்னால் நிற்பது என் கொழுந்தன் ஹூஷங். அவன் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

"அண்ணி, பிஸ்தா மரம் தாகத்துல சாகுது. பூமிக்குள்ள தண்ணி இருக்கு. எடுத்துக்க வேண்டியதுதானே?"

இந்தக் கெர்மான் பாலைவனத்தில் தண்ணீர் வருஷா வருஷம் கீழே போகிறது, நாமும் துரத்திக்கொண்டே போகிறோம். பக்கத்துத் தோட்டத்து யதுல்லாவும் இப்படித்தான் தோண்டினார். அடியில் கிடைத்தது உப்புத் தண்ணீர். அவர் பிஸ்தாவில் பாதி, பருப்பே இல்லாத பொக்கு. அதைப் பார்த்துக்கொண்டே இவர்களும்! விடமாட்டேன்.

பஹ்மன் 6

கூட்டம் என் வீட்டில். யதுல்லா கிணற்றுத் தண்ணீரை ஒரு கேன் வாங்கி வந்து, அதிலேயே டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு என் பக்கம் வந்துவிடுவார்கள் என்று கணக்கு.

ஒருவரும் துப்பவில்லை. விருந்துக்கு வந்த வீட்டில் யார் குறை சொல்வார்கள்? "அருமையான டீ! உங்க கைக்கு வலியே வரக்கூடாது!" என்று வழக்கமான நன்றி வேறு. ஹூஷங் இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தான். அப்புறம் ஆழப்படுத்துவதென்று முடிவு செய்துவிட்டுப் போனார்கள்.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு யோசனை! மூளையை எங்கே அடகு வைத்தேன்? கோபத்திலும் சிரிப்பு வருகிறது.

பஹ்மன் 7

காலையிலேயே ஹூஷங் போன்.

"அது என்ன தண்ணி அண்ணி? வாயெல்லாம் இன்னும் கரிக்குது."

"அருமைன்னு சொன்னியே?"

"உங்க வீட்ல உக்காந்துகிட்டு வேற என்ன சொல்றது?"

யார் கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னேன். "யதுல்லாவோடதா?" என்றான். பிறகு பழைய கிண்டல்: "தோண்டலைன்னா இருக்கிற தண்ணி பாதி மரத்துக்குத்தான் காணும். மீதியை யார் வெட்டுறது? ஊருக்கு உபதேசம் சுலபம்."

"முதல்ல என் மரத்தை வெட்டுறேன்."

வாய் தவறி வரவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

பஹ்மன் 11

வெட்டியாயிற்று. கிழக்குப் பக்கம் முழுக்க. என் கணவர் உயிரோடு இருந்தபோது இருவரும் சேர்ந்து நட்டவை. ஐயோ, முதல் மரம் விழுந்தப்போ அழுதேன். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. செய்தது சரி.

பஹ்மன் 12

எனக்குப் பைத்தியம் என்று ஊரில் பேச்சு. பேசட்டும்.

பஹ்மன் 20

துளை போடும் லாரி இன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. தோட்டத்துக்குப் போனால், ஹூஷங் பக்கமிருந்து ரம்பச் சத்தம். நன்றாகக் காய்க்கும் மரங்களை அவனே அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"லாரி எங்கே?"

"வேணாம்னுட்டேன். மத்தவங்களும் நாளைக்கு மரம் வெட்ட ஆரம்பிக்கிறாங்க." என் முகத்தைப் பார்க்கவில்லை. "சும்மா நிக்காதீங்க அண்ணி. அந்தக் கிளையைப் பிடிங்க."

பிடித்தேன்.