பூசணிக்காய் ஏலம்

2001 அக்டோபர், ஞாயிறு இரவு

இன்று எங்கள் தமிழ்ச் சபையில் அறுப்பின் பண்டிகை. நேர்மையாகத் தொழில் செய்பவனைக் கர்த்தர் உயர்த்துவார் என்று போதகர் பிரசங்கித்தார். நான்தான் உரக்க ஆமென் சொன்னேன். பழுதான உதிரிபாகங்களை அனுப்ப மறுத்ததால் ஆர்டர் போய், போசரி தொழிற்பேட்டையில் என் பட்டறையைப் பூட்டி ஒரு வாரம் ஆகிறது. மனைவி மேரிக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவள் கட்டித் தரும் சாப்பாட்டோடு கிளம்பிவிடுகிறேன்.

பிறகு காணிக்கைப் பொருள்களின் ஏலம். முதல் பூசணிக்காயை வருடாவருடம் நான்தான் எடுப்பேன். இந்த முறை கையைத் தூக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, இந்த வருஷம் கர்த்தர் கண்ணத் தொறக்கலியா?" என்றார் ஏலம் விட்டவர். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். பெண்கள் பக்கத்தில் மேரி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள்.

படுக்கும் முன் மேரி, கல்யாணமான நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"நாளைக்குச் சாப்பாடு கட்டணுமா?"

கட்டு என்றேன்.