விறகுக்குள் இருந்த கீச்சான்

டயகம,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

நாகலெட்சுமி எழுதுகிறேன். நானும் மாமியும் சுகம். கொழும்புக்குப் போன பிறகு வந்த இருமல் உங்களுக்குக் குறைந்ததா? போனில் பேசினால் நடுவில் நீங்கள் வேலை செய்யும் கடைக்கு ஆள் வந்துவிடும். இது நீளமான கதை, அதனால் கடிதம்.

பேராதனைப் பல்கலைக்கழக கெம்பஸிலிருந்து டிலானி மிஸ் என்று ஒரு பிள்ளை மூன்று கிழமையாக இங்கே வண்டு தேடியது. போன வியாழன் நாங்கள் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வந்து ஒரு படம் காட்டியது. இரண்டு நெல்மணி நீளத்தில் சாம்பல் நிற வண்டு. மீசை மட்டும் உடம்பைப்போல இரண்டு மடங்கு. “நாளைக்குத் திரும்பணும்க்கா, ஒண்ணுகூட கிடைக்கல” என்று முகம் வாடி நின்றது.

எனக்குத் தெரிந்த வண்டு, அத்தான்! விறகு முறிக்கும்போது விழும். எத்தனையை அடுப்புக்குள் தட்டிவிட்டிருக்கிறேன்!

மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு நம் லயத்து வீட்டுக்கு ஓடினேன். மாமி கடைசிக் கட்டு விறகையும் அடுப்பில் வைத்துவிட்டார். எரிகிற கட்டையை வெளியே இழுத்தேன். விரல் சுட்டது, இப்போது ஆறிவிட்டது. தண்ணீர் ஊற்றி, கத்தியால் மெதுவாகப் பிளந்தேன். எரியாத பக்கத்தில், மீசையை முதுகோடு மடித்துக்கொண்டு உயிரோடு இருந்தது. விரலில் எடுத்ததும் கீச்சுக் கீச்சென்று கத்தியது. மிஸ்ஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இங்கே இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. பெயரே கிடையாது. சும்மா “கீச்சான்” என்றேன். அதையே எழுதிக்கொண்டது.

தாய் வண்டு காய்ந்த கிளையின் பட்டையைக் கடித்து அதற்குள் முட்டை வைக்குமாம். புழு வருடக்கணக்கில் மரத்தைத் தின்று உள்ளேயே வளருமாம். வெளியே பறப்பது சில கிழமைதான். மிஸ் கேட்டுக்கொண்டதால், நான் விறகு எடுத்த ஆற்றோரத்தில் காய்ந்த கிளைகளை இனி யாரும் முறிக்கக்கூடாது என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். என் வாயால் எனக்கே விறகு போனது. இப்போது மேல்மலை வரை நடக்கிறேன். மாமி திட்டி முடிக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பேராதனையில் கெம்பஸ் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல மிஸ் என்னைக் கூப்பிட்டிருக்கிறது. உங்களைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன். கொழும்புக்கு உங்களோடு வராததால், மலையை விட்டு இறங்கமாட்டாதவள் என்று நீங்கள் கோபித்துப் போன என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறது!

இரண்டு தீபாவளிக்கு வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தால் போதும். பேசி முடித்ததும் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். எந்தப் பக்கம் போகிற பஸ் என்பதை அங்கே வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

வழி பார்த்திருக்கும்,
நாகலெட்சுமி