பதினாலு இல்லை, பத்தொன்பது

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. நான் நலம், சித்தி நலம், உன் அம்மா நலத்துக்கும் ஒரு படி மேலே. நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாகத்தான் இருப்பாய். நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னது, முதலில் அதைக் குறித்துக்கொள். நடுவில் ஒரு தடங்கல் வரும், ஆனாலும் ஜெயிப்போம் என்று போன வாரமே சித்தியிடம் சொன்னேன். அவளைக் கேட்டால், "அன்னிக்கு நீங்க மழை வரும்னுதான் சொன்னீங்க" என்பாள். அவளுக்கு ஞாபகமறதி, முட்டிவலி மாத்திரை சாப்பிடுகிறாள் அல்லவா, அதனால் இருக்கும்.

உன் அம்மா போனில் "நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டாராம். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இரைகிற இயந்திரங்களோடு வேலை பார்த்தவர், பேச்சைச் சுருக்கித்தான் பேசுவார். அதனால் விவரமாக எழுதும் பொறுப்பு என் தலையில். சலவைக் கூடத்தை மூடிவிட்டு வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுப்பதாக முடிவாகி, கூட்டத்தன்று சாயங்காலமே கையெழுத்து என்பது உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கும் அவர் கீழே இருக்கும் பதினோரு பெண்களுக்கும் வேலை போகும். நிர்வாகக் குழு முன்னால் பேச உன் அம்மாவுக்குக் கொடுத்தது பதினைந்து நிமிடம். நீ அங்கிருந்து இருபத்திரண்டு ஸ்லைடு செய்து அனுப்பினாய், நன்றாகவே இருந்தது. ஆனால் கண்ணு, ஆரம்பம் கொஞ்சம் வறட்சி. எடுத்தவுடனே கணக்கும் கோடுமா? ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டு, இந்த ஊரில் பாதிப்பேருக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று காட்டியவன் நான், சும்மா இருப்பேனா? முன்னால் ஐந்து ஸ்லைடு சேர்த்தேன். இரண்டு ரோஜா, ஒரு சூரியோதயம், கைகூப்பும் படம் ஒன்று, கடைசியாக 'வருக வருக' என்று ஒவ்வோர் எழுத்தாக மேலிருந்து விழுகிற மாதிரி ஒன்று. எழுத்து விழும்போது டொக் டொக்கென்று சத்தமும் வைத்தேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டுமே என்றுதான்.

கூட்டம் மூன்றாவது மாடியில், நீள மேஜை போட்ட அறையில். கம்ப்யூட்டர் உதவிக்கு என்று நானும் போனேன். என்னைப் பார்த்ததும் குழுவே எழுந்து நின்றது என்று வைத்துக்கொள், ஒருவர் ஜன்னலைச் சாத்தத்தான் எழுந்தார் என்றாலும் எழுந்தார். லேப்டாப் என் கடையுடையது. பேட்டரி போய் இரண்டு வருஷம் ஆகிறது, வயரைச் செருகினால்தான் உயிர் வரும், மற்றபடி குதிரை. அறை விளக்கை அணைத்தார்கள், படம் ஆரம்பித்தது. என் ஐந்து ஸ்லைடும் ஓடி முடிய மூன்று நிமிடம் ஆயிற்று. குழுவில் இருந்த பெரிய நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு ரசித்தார். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், அந்தப் பார்வையில் ஓர் இயந்திரம் கொள்ளும் துணியை அப்படியே உலர்த்தி எடுத்திருக்கலாம். அப்புறம் பேச ஆரம்பித்தார். அவர் பழக்கம் உனக்குத் தெரியுமே, துணி மூலையில் சிவப்பு நூலில் எண் தைத்து எண் சொல்லியே வேலை வாங்குகிறவர், குழந்தைகள் வார்டு என்று சொல்லமாட்டார், ஏழு என்பார். எங்கள் வீட்டுப் போர்வைக்கே எண் தைத்துக் கொடுத்திருக்கிறார். அதேபோல உன் ஸ்லைடு ஒவ்வொன்றையும் எண்ணாகவே மனப்பாடம் செய்திருந்தார், கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆயிரம் பேர் முன்னால் பேசுகிற மாதிரிப் பேசினார், இருந்தது ஐந்து பேர்தான்.

முக்கியமான இடம் வந்தது. இரண்டு போர்வைப் படம். நாற்பது சலவைக்குப் பிறகு நம் கூடத்துப் போர்வை ஒரு பக்கம், அந்தக் கம்பெனி மாதிரிக்குத் துவைத்து அனுப்பிய போர்வை மறுபக்கம், ஓரம் கிழிந்து நடுவில் பழுப்புக் கறையோடு. உன் அம்மா வாயைத் திறக்கவும் படார் என்று மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. திரை கறுப்பு. மின்சாரம் உடனே வந்துவிட்டது, ஆனால் லேப்டாப் செத்துப் பிழைத்து எழ வேண்டுமே. குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு, "பரவால்லம்மா, இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார். இன்னொரு நாள் ஏது? உன் அம்மா முதல் தடவையாக அந்த அறையில் குரலை உயர்த்தினார். "ஐயா, அஞ்சு நிமிஷம் பாக்கி இருக்கு. எனக்கு ஒரே ஒரு படம் போதும்." தலைவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மாட்டினார். "மறுபடியும் அந்த ரோஜாப் பூவெல்லாம் வேணாம்" என்றார்.

இங்கேதான் உன் சித்தப்பாவின் மூளை. முதலிலிருந்து ஓடவிட்டால் எழுத்து விழுந்து முடிவதற்குள் தலைவர் மாடிப்படி இறங்கியிருப்பார். இடது ஓரத்தில் குட்டிக் குட்டியாக ஸ்லைடுகள் வரிசையாக நிற்கும், வேண்டியதன்மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஷிப்டையும் எஃப் ஐந்தையும் சேர்த்து அழுத்தினால் படம் அங்கேயிருந்து ஓடும். எஃப் ஐந்தை மட்டும் அழுத்தினால் பழையபடி ரோஜாதான். உலகத்தில் பத்துப் பேருக்குத்தான் இது தெரியும், பதினோராவது ஆளாக உன் அம்மாவுக்கு நான் கடையில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தேன். நீயும் போனில் சொன்னதாக அவர் சொல்கிறார், இருக்கட்டும். என்னை விலக்கிவிட்டு அவரே உட்கார்ந்து, நேராகப் பதினாலைத் தட்டி, இரண்டு விசையையும் அழுத்தினார். வந்தது என்ன? பதினோரு பெண்களும் துணிவண்டியைச் சுற்றி நின்று சிரிக்கிற படம். "இதத்தான் அப்பவே பாத்தமே" என்றார் நர்ஸம்மா. உன் அம்மாவின் கை நின்றுவிட்டது மகளே. எந்த எண்ணும் தப்பாத கை அது. "பதினாலுதானே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் முன்னால் செருகிய ஐந்து, அத்தனை எண்ணையும் ஐந்து தள்ளி வைத்திருந்தது. வெட்கத்தை விட்டுக் குனிந்து காதில் சொன்னேன், "அண்ணி, பதினாலு இல்ல, பத்தொம்பது. என் அஞ்சையும் கூட்டுங்க." திட்டுவார் என்று பார்த்தேன், நேரமில்லை போலும். பத்தொன்பதைத் தட்டி அழுத்தினார், இரண்டு போர்வையும் சுவர் உயரத்துக்கு வந்து நின்றன. தலைவர் எழுந்து திரைக்குக் கிட்டே போய்க் கறையை விரலால் தொட்டுப் பார்த்தார், படத்தைத்தான். பிறகு, "நம்ம நோயாளிங்களுக்கா இது?" என்றார். அன்று சாயங்காலம் கையெழுத்து நடக்கவில்லை. சலவைக் கூடம் இருக்கும், பழைய உலர்த்தும் இயந்திரத்தையும் மாற்றித் தருகிறார்களாம். கீழே காத்திருந்த பதினோரு பேரும் போட்ட கூச்சலில் மருந்துக்கடைக்காரர் வெளியே ஓடி வந்துவிட்டார். எனக்கும் ஒரு கும்பிடு கிடைத்தது, ஐந்தைக் கூட்டியதற்கு. அந்த ஐந்தை வைத்தவன் யார் என்று எவரும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் இன்று மாறிப்போயிற்று. ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் மத்தியானம் கடைக்கு வந்தார். கூட்டம் நடக்கும்போது மின்சாரம் போனது ஏன் என்று அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தன் பதிலை இரண்டு பிரதி எடுக்கக் கொடுத்தார். ஜெராக்ஸ் இயந்திரத்துக் கண்ணாடி மேல் கவிழ்க்கும்போது படித்துவிட்டேன். அன்று மூன்றாவது மாடியில் மின்சாரம் ஒரு நொடியும் போகவில்லை, வராந்தா விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன என்று எழுதியிருந்தார். "யாரும் நம்ப மாட்டேங்கிறாங்கண்ணே" என்றார். அவர் எழுதியது நிஜம். மின்சாரம் போகவே இல்லை. இரண்டு போர்வைப் படம் வந்ததும் குழுவின் முகத்தைப் பார்க்க எட்டிக் காலை நீட்டினேன், வயர் செருப்பில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. திரும்பச் செருகிவிட்டு, கரண்டு போச்சு என்று முதலில் சொன்னதும் நான்தான். நாளைக் காலை கடை திறக்கும் முன்னால் ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கும், அப்புறம் உன் அம்மாவிடமும் போய்ச் சொல்லப் போகிறேன். எப்படிச் சொல்வதென்று பழகிப் பார்க்கத்தான் உனக்கு முதலில் எழுதினேன். நேரத்துக்குச் சாப்பிடு, காலில் கம்பளிக் காலுறை போட்டுக்கொள், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

ஆசிகளோடு, அந்தக் காலுக்குச் சொந்தக்காரனான உன் சித்தப்பா