பேட்டரிக்கு அருவித் தண்ணீர்

நம் மகள் பிடிவாதம் பிடித்து வாங்கித் தந்த புது இன்வெர்ட்டர் பேட்டரியை இன்று காலை மாட்டினார்கள். சார்ஜ் ஏறத் தொடங்கியதும் அந்தப் புளித்த வாடை லேசாக வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உங்களை ஏச ஆரம்பித்தேன். போய்ச் சேர்ந்தவர்களை ஏசக் கூடாது என்பார்கள். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் ஏன் போகிறீர்கள், நான் ஏன் ஏசுகிறேன்?

உங்கள் மூச்சு ஆக்சிஜன் மெஷினை நம்பி இருந்தது. கரண்டு போனாலும் அது நிற்கக் கூடாதென்றுதான் இன்வெர்ட்டரே வைத்தோம். அன்று எலெக்ட்ரீஷியன் நம் இருவரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "அண்ணாச்சி, சார்ஜ் நிறைஞ்ச பொறவு மூடியத் தொறந்து பாருங்க. கொறஞ்சிருந்தா கடையில விக்கிற பேட்டரித் தண்ணிய மட்டும் ஊத்துங்க. வேற எதையும் ஊத்திராதீங்க." தலையைத் தலையை ஆட்டியது நீங்கள்தான்.

குடிப்பதற்கென்று ஆட்டோக்காரரிடம் சொல்லி, குற்றாலத்திலிருந்து கேன் கேனாக அருவித் தண்ணீர் வரவழைப்பீர்கள். ஒருநாள் அதையே பேட்டரியில் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். பதறிப்போய்க் கேட்டதற்கு, "ஏட்டி, கடைத் தண்ணில ஒரு சத்தும் கெடையாது. இது மூலிகைத் தண்ணி. மனுசனுக்கே தெம்பு குடுக்குது, பேட்டரிக்குக் குடுக்காதா?" என்றீர்கள்.

"பேட்டரி என்ன சீக்காளியா, மூலிகை குடிக்க?" என்றேன். சிரித்தீர்கள். சத்தே இல்லாத தண்ணீர்தான் அதற்கு வேண்டும். மலையிலிருந்து இறங்கி வரும் உப்பும் மண்ணும் உள்ளே போனால் தகடு வீணாகிவிடும். அதுவும் சார்ஜ் ஏறுவதற்கு முன்பே கழுத்து வரைக்கும் ஊற்றிவிட்டீர்கள். ஏறும்போது ஆசிட்டோடு சேர்ந்து வழிந்து தரையெல்லாம் அரித்தது. "பொங்குது பாத்தியா, தெம்பு ஏறிட்டு" என்றீர்கள்.

கேனை ஒளித்து வைத்தேன். கட்டிலுக்கு அடியில் இன்னொன்று வைத்திருந்தீர்கள். திரும்பவும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "ரொம்ப நாள் தாங்காது, சீசனுக்கு முன்ன மாத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படி இறங்குவதற்குள் "யாவாரம் பண்ணுதான்" என்றீர்கள். என் சொந்தத் தம்பி சொன்னாலும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

ஆடிக் காற்றில் மரக்கிளை ஒடிந்து கரண்டு கம்பியில் விழுந்தது. காலை நேரம், நான் தோசைக்கல்லின் முன் நின்றிருந்தேன். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு, நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அடங்கிப்போனது. மெஷினும் நின்றது.

ஆட்டோவில் ஏற்றித் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ரோடு முழுக்க குற்றால சீசன் கூட்டம். வேனும் பஸ்ஸும் நகரவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எண்ணெய் வழிய ஆட்கள் குறுக்கே போனார்கள். நான் வெளியே தலையை நீட்டி வழி விடச் சொல்லிக் கத்தினேன். நீங்கள் என் தோளில் சாய்ந்து அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மூச்சைக் கூட்டிக் கூட்டிச் சொன்னீர்கள்:

"ஏட்டி... இந்த வருசம்... நல்லாத் தண்ணி விழுது போல."

அந்தத் தண்ணீரைச் சொல்லி ஏச வாய் வரை வந்துவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். "ஆமா, நல்லா விழுதாம்" என்றேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது கேட்பதற்கு நீங்கள் இல்லை. இத்தனை வருசத்தில் நான் உங்களை ஏசாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். அந்த ஏச்சு இன்னும் என் தொண்டையிலேயே நிற்கிறது.