நடந்ததற்குக் கழிவு

1962 ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

சர்க்கரை இருக்கிறது, உடம்பு இளைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து விடியற்காலையில் மலைக்கோட்டையைச் சுற்றி நடந்துவருகிறேன். இன்று நம் வெங்காய மண்டித் தராசில் ஏறி நின்றேன். போன மாத எடையிலிருந்து ஒரு ராத்தல்கூட இறங்கவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது என் மனைவி செல்லத்திடம் சொன்னேன். வெஞ்சனத்தை இலையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "காலையில ரெண்டு இட்லிதான்னு டாக்டர் சொன்னாருல்ல? நீங்க அஞ்சு திங்கிறீகளே?"

"ரெண்டுதான் கணக்கு. மூணு, நடந்ததுக்குக் கழிவு" என்றேன்.

மூட்டையை நிறுத்ததும் சாக்கின் எடையைக் கழிக்கிறோம். நடையில் செலவானதையும் கழிப்பதுதானே நியாயம்? பசியும் பொய்யில்லை. இரண்டோடு எழுந்துபோன அன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கையில் தலை சுற்றியது.

அவள் சிரிக்கவில்லை. "சாக்கு எம்புட்டுன்னு நிறுத்துப் பாத்தா கழிக்கிறீக? நீங்களா ஒரு கழிவு போடுவீக, வெங்காயம் கொண்டாந்த சம்சாரி வாயத் தொறக்க மாட்டான். ஒடம்பும் அப்படியே சும்மா இருக்கும்னு நெனைக்கிறீகளா?"

எழுந்து போய்க் கை கழுவினேன்.

அப்பாவுக்குக் கால்விரலை எடுத்தபோது ஐம்பது வயது. எனக்கு வருகிற தையில் ஐம்பது.

ஐந்து வேண்டாம். இரண்டில் தலை சுற்றுகிறது. நாளை மூன்று வைக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அந்த மூன்றாவது இட்லிக்கு அவளிடம் என்ன பெயர் சொல்வது என்றுதான் தெரியவில்லை.